மூன்று மண், ஒரே காற்று: கொழும்பில் பானையோட்டை என்ன செய்வது?

அகழ்வில் வந்த பானையோட்டுக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. உலர்ந்த பிரஷால் தட்டிவிடலாம், தண்ணீரில் கழுவலாம், அமிலம் போடலாம், அல்லது மண்ணோடு அப்படியே விடலாம். ஓட்டில் ஒட்டியிருப்பது என்ன என்று பார்த்து இவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்யும்படிதான் கைநூல்கள் சொல்லும். கொழும்பில் வேலை செய்பவருக்கு அது இரண்டாவது கேள்வி. வேலை முடிந்தபின் இந்த ஓடு எந்த அறையில் இருக்கப்போகிறது என்பதே முதற்கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் வாளியில் தண்ணீர் பிடிக்க வேண்டாம் என்பது என் கட்சி.

பேச வசதியாக மூன்று தட்டு ஓடுகளை மேசையில் வைத்துக்கொள்வோம். ஒன்று யாழ்ப்பாணக் குடாநாட்டு மண்ணிலிருந்து வந்தது. கந்தரோடை, ஆனைக்கோட்டை போன்ற இடங்களில் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல், ஆகவே ஓட்டின்மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு பிடித்திருக்கும். இரண்டாவது அநுராதபுரம் போன்ற உள்நாட்டு மண்ணிலிருந்து வந்தது. அதில் பெரும்பாலும் களியும் செம்மண்ணும்தான். மூன்றாவது மாந்தை போன்ற கரையோரத் துறைமுகத்திலிருந்தோ காலித் துறைமுகத்தில் மூழ்கிய கப்பலிலிருந்தோ வந்தது. அதில் கண்ணுக்கு அழுக்கே தெரியாது. ஆனால் மூன்றிலும் ஆபத்தானது அதுதான், ஏனென்றால் உள்ளே உப்பு இருக்கிறது.

மண் மூன்று வகை. அவை போய்ச் சேரும் காற்று ஒன்றுதான்.

உப்பும் 75 என்ற எண்ணும்

சோடியம் குளோரைட்டு, அதாவது நாம் சோற்றில் போடும் உப்பு, சாரீரப்பதன் (காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை வீதம் இருக்கிறது என்ற அளவு) ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். அதற்குக் கீழே இறங்கினால் திரும்பவும் பளிங்காகும். கொழும்பில் விடியற்காலை ஈரப்பதன் 80ஐத் தாண்டி நிற்பது சாதாரணம். வெயில் ஏறிய பிற்பகலில் அது 70 அளவுக்கு இறங்கிவிடும். நம் ஊர்க் காற்று ஒவ்வொரு நாளும் அந்த 75 என்ற கோட்டை மேலும் கீழுமாகக் கடக்கிறது. சமையலறை உப்புப் போத்தல் காலையில் கசிந்து மத்தியானம் கட்டிபிடிப்பது இதனால்தான். ஓட்டின் நுண்துளைகளுக்குள்ளும் இதே விளையாட்டு நடக்கிறது. கரைந்த உப்பு மேற்பரப்பை நோக்கி நகர்ந்து, மேற்பூச்சுக்கு அடியில் பளிங்காகி, பூச்சைத் தள்ளிவிடும். முதலில் வெள்ளை மா பூத்ததுபோலத் தெரியும். பிறகு செதில் செதிலாக உரியும்.

இதை வைத்து அறைகளை ஒப்பிட்டால் விடை கொஞ்சம் எதிர்பாராதது. யன்னல் திறந்த சாதாரண அறையில் நாளுக்கு ஒரு சுற்று நடக்கும். நாள் முழுவதும் ஒரே ஈரப்பதனில் வைத்திருக்கும் அறை, 55 ஆக இருந்தாலும் 60 ஆக இருந்தாலும், பாதுகாப்பானது. ஒருமுறை பளிங்கான உப்பு அப்படியே கிடக்கும். எல்லாவற்றிலும் மோசமானது நாம் மிகவும் மதிக்கும் ஏற்பாடு: காலை எட்டரைக்கு ஏசி போட்டு மாலை நாலரைக்கு நிறுத்தும் அலுவலக அறை. பகலில் வறண்டு, இரவில் நனைந்து, ஏற்ற இறக்கம் திறந்த அறையைவிடக் கூர்மையாக இருக்கும். ஏசி அறையில் வைத்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லும்போது, இரவிலும் அது ஓடுகிறதா என்று கேட்பது என் வழக்கம்.

நாள் முழுவதும் ஏசி ஓட்ட யாரிடமும் காசில்லை. எனவே நடைமுறையில் இரண்டு வழிகள்தான் மிஞ்சுகின்றன. உப்பை வெளியே எடுப்பது ஒன்று. உப்போடு சேர்த்து ஓட்டைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் பூட்டிவைப்பது மற்றது. இரண்டாவது வழி மலிவு, விரைவு, ஓட்டுக்கு எந்தத் தீங்கும் செய்யாது. சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் எடுத்து ஓவனில் காயவைத்துத் திரும்பப் போட ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பதே அதன் ஒரே பலவீனம். அந்த ஆள் இடமாற்றம் பெற்றுப் போனால் பெட்டி வெறும் பெட்டிதான். ஆளணி நிலைக்காத பாடசாலை நூதனசாலைகளுக்கும் சங்கங்களுக்கும் இது நல்ல தற்காலிகத் தீர்வு. நிரந்தரத் தீர்வு என்று நம்பவேண்டாம்.

உப்பை எடுப்பது என்றால் பொறுமை வேண்டும். கடலுக்கடியில் இருந்து வந்த ஓட்டைக் காயவிடவே கூடாது. கடல்நீரிலேயே வைத்திருந்து, நல்ல தண்ணீரின் பங்கைப் படிப்படியாகக் கூட்டி, கடைசியில் முழு நன்னீருக்குக் கொண்டுவர வேண்டும். கரையோர மண்ணிலிருந்து ஏற்கெனவே காய்ந்து வந்ததற்கு இந்தப் படிகள் தேவையில்லை, நேரே நன்னீரில் ஊறவைக்கலாம். குழாய்த் தண்ணீரிலேயே குளோரைட்டு இருக்கும். அதனால் முதற் தடவைகளுக்குக் குழாய்த் தண்ணீர் போதும். கடைசித் தடவைகளுக்கு அயன்கள் நீக்கிய நீர் வேண்டும். வாகன பற்றரிக்கு ஊற்றவென்று விற்கும் தண்ணீர் பெரும்பாலும் அதற்குப் போதும். அதையும் நம்பிவிடாமல், மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் கையடக்க மின்கடத்துதிறன் மானியால் (நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி) வாங்கியவுடன் அளந்து பாருங்கள்.

அதே மானிதான் வேலை முடிந்ததா என்பதையும் சொல்லும். தண்ணீர் மாற்றியதும் ஓர் அளவு, அடுத்தமுறை மாற்றும்முன் ஓர் அளவு. உப்பு வெளியேறும்வரை எண் ஏறிக்கொண்டே இருக்கும். புதுத் தண்ணீரில் பல நாள் கிடந்தும் எண் ஏறவில்லை என்றால் நிறுத்தலாம். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் கையில் இருந்தால் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். பால்போல் கலங்கினால் குளோரைட்டு இன்னும் இருக்கிறது. தடித்த சுவருள்ள சாடித் துண்டுக்கு இது மாதக்கணக்கிலும் நீளும். சீனப் பீங்கானுக்கு இவ்வளவு தேவைப்படாது, ஏனென்றால் அது நீரை உறிஞ்சாது, உப்பு விரிசல்களில் மட்டுமே நிற்கும். மாந்தையில் கிடைத்தவை போன்ற மேற்காசிய நீலப்பச்சை மெருகுப் பாண்டங்கள் நேர்மாறு. மெருகு என்ற கண்ணாடிப் பூச்சுக்குக் கீழே மென்மையான, துளை நிறைந்த மண். உப்பு அங்கே கூடாரம் அடித்துவிட்டால் மெருகு தகடாகக் கழன்றுவிடும். மூன்றாவது தட்டில் எதை முதலில் தண்ணீரில் போடுவது என்று கேட்டால் என் விரல் இந்தப் பாண்டத்தையே காட்டும்.

தண்ணீரா, பிரஷா

உள்நாட்டு ஓடுகளுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். அங்கே போட்டி தண்ணீருக்கும் உலர்ந்த பிரஷுக்கும் இடையில்தான். நன்றாகச் சுடப்பட்ட, அலங்காரமில்லாத உடற்பகுதித் துண்டு என்றால் தண்ணீர். மென்மையான பல் பிரஷ், இரண்டு வாளி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கழுவுவது, ஊறவிடாமல் உடனே எடுப்பது. வேகமும் தெளிவும் வேறெதிலும் வராது.

ஆனால் பழைய ஓடுகள் எல்லாம் ஒரே சூட்டில் வெந்தவை அல்ல. திறந்த சூளையில் குறைந்த வெப்பத்தில் சுட்ட கையால் வனைந்த பானை, தண்ணீரில் திரும்பவும் களியாகும் நிலையில் இருக்கலாம். சோதனை எளிது. முக்கியமில்லாத ஒரு துண்டின் உடைந்த விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சில நிமிடம் பொறுத்து விரலால் தடவுங்கள். விரலில் சேறு பட்டால் அந்த வகை ஓட்டுக்குத் தண்ணீர் கிடையாது.

கறுப்பு-சிவப்பு மட்பாண்டத்தில்தான் நான் மிகவும் இறுக்கம். அதன் மினுக்கம் கல்லால் தேய்த்துக் கொண்டுவந்த மினுக்கம், மேலே வெறும் மயிரிழைத் தடிப்பு. கடினமான பிரஷ் அதை மங்கச் செய்யும். அதைவிடப் பெரிய பயம் கீறல். கந்தரோடையிலும் ஆனைக்கோட்டையிலும் இந்த வகை ஓடுகளில் குறியீடுகள் கீறப்பட்டிருக்கின்றன. தமிழகத்தில் கீழடி ஓடுகளில் குறியீடுகளோடு தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உண்டு. திஸ்ஸமகாராமையில் கிடைத்த ஓர் எழுத்துப் பொறித்த ஓட்டின் வாசிப்பை வைத்து அறிஞர்கள் மோதிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட பரப்பில் ஒரு கம்பிப் பிரஷோ ஊசியோ இழுத்த கோடு, பத்து வருடம் கழித்து ஒருவரின் ஆய்வுக்கட்டுரையில் எழுத்தாகிவிடலாம். உலோகம் எதுவும் வேண்டாம். தென்னம் ஈர்க்கை நுனி நசித்து எடுத்தால், மண்ணைவிட வலுவாக, மினுக்கத்தைவிட மென்மையாக இருக்கும். மூங்கில் குச்சியும் சரி. கீறல் இருப்பதாகச் சந்தேகம் எழுந்தவுடன், ஒரு துளி மண்ணும் எடுக்குமுன், பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துவிடுங்கள்.

ரூலெட்டட் மட்பாண்டம், அதாவது சிறு புள்ளிக் கோலங்களை வட்டவட்டமாகப் பதித்த பாண்டம், வேறு சாதி. மெல்லிய சாம்பல்நிறக் களி, நன்றாகச் சுடப்பட்டது, தண்ணீரைத் தாங்கும். 1945 இல் அரிக்கமேட்டு அகழ்வால் பெயர்பெற்ற இந்த வகை கந்தரோடையிலும் கிடைத்தது. தண்ணீரில் கழுவலாம், அதன் பளபளப்பான மேற்பூச்சைத் தேய்க்காத வரைக்கும்.

ஒன்றுமே செய்யாமல் விடுவது என்ற வழியைச் சோம்பல் என்று நினைப்பவர்கள் உண்டு. சமையல் பானையின் உள்புறத்திலும் வாய்விளிம்பிலும் கொழுப்பு உறிஞ்சப்பட்டிருக்கலாம். அடியில் கரி ஒட்டியிருக்கலாம். ஒன்று என்ன சமைத்தார்கள் என்றும் மற்றது எப்போது என்றும் சொல்லும். ஒவ்வொரு அகழ்வு மண்படையிலிருந்தும் சில சமையல் பானைத் துண்டுகளைக் கழுவாமல், கை படாமல், அலுமினியத் தாளில் சுற்றி வைக்கவேண்டும். பொலித்தீன் பை நேரே படக்கூடாது, பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பொருட்கள் பரிசோதனையைக் குழப்பும். எல்லா ஓட்டையும் கழுவிப் பளபளவென்று வரிசையாக அடுக்கிய மேசை படத்துக்கு அழகுதான். அந்த மேசையில் இந்தக் கேள்விகளுக்கான பதில் மட்டும் இருக்காது.

கழுவியவை காய்வதற்கும் இங்கே தனி நிதானம் வேண்டும். வெயிலில் போட்டால் மேற்பூச்சு வெடிக்கும், அதனால் நிழலில், வலைத் தட்டில். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும் ஓடு உள்ளே ஈரமாக இருக்கும். அவசரப்பட்டுப் பையில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும், துண்டுச் சீட்டில் எழுதிய இலக்கமும் கரைந்துபோகும். பையில் துளையிட்டுக்கொள்ளுங்கள். சீட்டு எந்த நேரத்திலும் ஓட்டைவிட்டுப் பிரியக்கூடாது. எந்தக் குழி, எந்தப் படை என்று தெரியாத சுத்தமான ஓட்டைவிட, தெரிந்த அழுக்கான ஓடு பெறுமதியானது.

அமிலம்

யாழ்ப்பாணத் தட்டுக்கு வருவோம். வெள்ளைப் படிவு பிடித்த ஓட்டைப் பார்த்ததும் ஹாட்வெயார் கடையில் தரை ஓடுகளைக் கழுவ விற்கும் அமிலம் ஞாபகத்துக்கு வரும். அது ஐதரோகுளோரிக் அமிலம். நுரைத்துக்கொண்டு படிவு கரையும், பத்து நிமிடத்தில் ஓடு புதுசுபோல் இருக்கும். இந்த அவசர மகிழ்ச்சிக்கு மூன்று தடைகள்.

முதலாவது, ஓட்டின் களியிலேயே சுண்ணாம்போ சிப்பித்தூளோ கலந்திருந்தால் அமிலம் படிவையும் தின்னும், பானையையும் தின்னும். உடைந்த விளிம்பில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அங்கே நுரைத்தால் அமிலத்தை மறந்துவிடலாம். இரண்டாவது, செந்நிறம் தரும் இரும்பு கரைந்து நிறம் வெளுக்கும். மூன்றாவதுதான் கொழும்புக்காரருக்கான தடை. சுண்ணாம்பும் ஐதரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தால் மிஞ்சுவது கல்சியம் குளோரைட்டு. ஈரப்பதன் 30 வீதத்தைத் தாண்டினாலே நீரை உறிஞ்சிக் கசியும் உப்பு அது. கொழும்பின் சாதாரண அறைக்காற்றில் அது காயவே காயாது. நைத்திரிக் அமிலம் பாவித்தாலும் கல்சியம் நைத்திரேற்று கிடைக்கும், அதுவும் ஏறத்தாழ 50 வீதத்திலேயே கசியும். சுண்ணாம்பு போன்ற சாதுவான, கரையாத படிவை எடுத்துவிட்டு, நிரந்தரமாக ஈரம் சேர்க்கும் உப்பை உள்ளே வைப்பது நல்ல வியாபாரமாக எனக்குத் தெரியவில்லை.

அமிலம்தான் வேண்டும் என்று பயிற்சி பெற்ற ஒருவர் முடிவெடுத்தால், ஓட்டை முதலில் தண்ணீரில் ஊறவைத்துத் துளைகளை நிரப்பி, ஐதான அமிலத்தைப் படிவின்மேல் மட்டும் பஞ்சால் தொட்டு வைத்து, பிறகு மேலே சொன்ன உப்பு நீக்கும் வேலையை முழுதாகச் செய்யவேண்டும். பத்து நிமிட வேலை பல வாரமாகிவிட்டது பாருங்கள். கல்சியத்தைப் பிடித்துக் கரைக்கும் ஈ.டீ.ரீ.ஏ. உப்புக் கரைசல் மெதுவானது, சாந்தமானது, ஆனால் அதையும் கழுவி வெளியேற்றத்தான் வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ், படிவை நனைத்து இளக்கி, கத்திநுனியால் அணு அணுவாகப் பெயர்ப்பது எல்லாவற்றிலும் மெதுவு. ஒரே இடத்தில் உலோகத்தை அனுமதிக்கிறேன் என்றால் அது இங்கேதான். நுனி படிவைத் தாண்டி ஓட்டைத் தொடவே கூடாது.

படிவின் கீழே அலங்காரமோ குறியீடோ இருக்கும் சாத்தியம் இல்லையென்றால் நான் படிவைத் தொடமாட்டேன். சுண்ணாம்பு கொழும்புக் காற்றில் எந்தக் கேடும் செய்வதில்லை. அசிங்கமாக இருக்கிறது என்பது ஒரு காரணமே அல்ல. வினாகிரி, தேசிக்காய் வைத்தியமும் அமில வைத்தியம்தான், அளவு தெரியாதது என்பதால் இன்னும் மோசம்.

இறுக்குவதும் ஒட்டுவதும்

பொடியும் ஓட்டை இறுக்க உலகமெங்கும் முதலில் கையில் எடுப்பது பரலொயிட் பீ-72 என்ற அக்கிரிலிக் பிசின். அசற்றோனில் கரையும், மஞ்சளாகாது, திரும்பவும் அசற்றோனால் எடுக்கலாம். இறுக்க 5 வீதக் கரைசல் போதும்; ஒட்ட வேண்டுமானால் பாதிக்குப் பாதி கெட்டியாக. பிசின் நல்லதுதான். ஆனால் அதைக் கொழும்பில் பாவிக்கும்போது இரண்டு விஷயம் கைநூலில் சொன்னதுபோல் நடக்காது.

அசற்றோன் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, நம் ஈரக்காற்றில் நீர் படிந்து, பிசின் வெள்ளையாகப் பூக்கும். ஏசி ஓடும் அறையில் வேலைசெய்து, பூசிய ஓட்டை மூடியுள்ள பாத்திரத்தில் மெதுவாகக் காயவிட்டால் பூக்காது, பிசினும் மேலே திரளாமல் உள்ளேயே நிற்கும். அடுத்தது வெப்பம். பீ-72 ஏறத்தாழ 40 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். மேசையில் 31 பாகையில் நிற்கும் பானைக்குப் பிரச்சினை இல்லை. வெயிலில் நிறுத்திய வானுக்குள் இருந்தால் மூட்டு வழுகும். தகரக் கூரைக் களஞ்சியத்துக்குப் போகவேண்டிய பானை என்றால், ஏறத்தாழ 50 பாகைவரை தாங்கும் பீ-48என் பிசினைக் கலந்தோ, 60 பாகைவரை தாங்கும் பீ-44 பிசினைக் கொண்டோ ஒட்டுவது நல்லது. இங்கேயும் முடிவு செய்வது அறைதான்.

உப்புள்ள ஓட்டை இறுக்கிவிட்டு உப்பெடுப்பதா, உப்பெடுத்துவிட்டு இறுக்குவதா? தண்ணீரில் நிற்கும் வலு இருந்தால் முதலில் உப்பு. வலு இல்லையென்றால் ஐதான பிசினால் இறுக்கி, பிறகு தண்ணீர். உப்பு அந்தப் படலத்தூடும் வெளியேறும், நேரம் மட்டும் கூடும்.

கடைகளில் கிடைக்கும் மற்றப் பசைகளைச் சுருக்கமாகவே பார்க்கலாம். சுப்பர் குளூ துளையுள்ள ஓட்டில் உறிஞ்சப்பட்டு, காலப்போக்கில் நொறுங்கும், விளிம்பையும் பெயர்த்துக்கொண்டு வரும். அரல்டைட் போன்ற எபொக்சி ஓட்டைவிட வலுவானது, அதுவே குற்றம்: அடுத்தமுறை விழுந்தால் மூட்டு நிற்கும், ஓடு புது இடத்தில் உடையும், பிழையாக ஒட்டியதைக் கழற்றவும் முடியாது. தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசை நம் வெப்பத்தில் மெல்ல இழுபட்டு நகரும், ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். நகப்பூச்சு அகற்றியை அசற்றோனுக்குப் பதிலாகப் பாவிக்கவேண்டாம். அதில் எண்ணெயும் நிறமும் வாசனையும் கலந்திருக்கும்.

பரலொயிட் ஹாட்வெயார் கடையில் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து தருவிக்க முடியாத பாடசாலைக்கு நான் சொல்வது: ஒட்டாதீர்கள். பொருந்தும் துண்டுகளை ஒரே பையில் வைத்து, மணல் தட்டில் நிறுத்திப் படம் எடுத்து, மாணவருக்கு அந்தப் படத்தைக் காட்டுங்கள். படங்களின் பிரதியை வேறு கட்டடத்தில் வையுங்கள். 2004 டிசம்பர் சுனாமி காலியில் இருந்த கடல்சார் தொல்லியல் ஆய்வுகூடத்தைத் தாக்கியது ஞாபகமிருக்கட்டும்.

அத்திவாரம் வெட்டும்போது கோட்டையிலோ புறக்கோட்டையிலோ நீல-வெள்ளைப் பீங்கான் துண்டு கண்டெடுத்தவர் இந்த ஒப்பீட்டில் எந்த வழியையும் எடுக்கவேண்டியதில்லை. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி அப்படிக் கிடைத்ததை அறிவிக்கவேண்டும், அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். கழுவாமல், கிடைத்த இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு, கொழும்பு 7 இல் உள்ள தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

கடைசியாக, இடைவெளி நிரப்புவது. பிளாஸ்டர் ஒப் பரிஸ் மலிவு, நிறம் கொடுக்கலாம், பானை முழுசாக நிற்கும். ஆனால் அது கல்சியம் சல்பேற்று. ஈரத்தோடு சேர்ந்து ஓட்டுக்குள் ஊறினால் இன்னுமோர் உப்பு. பானை தானாக நிற்காவிட்டால் மட்டும், உடைந்த விளிம்புகளுக்கு முதலில் பரலொயிட் பூசி அடைத்துவிட்டு, அதன்மேல் பிளாஸ்டர் வையுங்கள். தானாக நிற்கும் பானையில் ஓட்டை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.